மெல்ல ஓடினால் திக்கும் மோட்டார் சைக்கிள்: வீட்டு முற்றத்திலேயே பிழை பிடிக்கும் வழி

"ஐம்பதில போனா தங்கக் கம்பி, தம்பி. இருபதுக்கு இறக்கினாத்தான் விசர்க் குணம் காட்டுது."

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு விசுவமடுப் பக்கமிருந்து என்னிடம் வந்த ஒரு ஐயா சொன்னது இது. பழைய 100 சிசி இந்திய மோட்டார் சைக்கிள். பின் கரியரில் ரியூப்பால் கட்டிய மண்வெட்டி. புது பிளக் போட்டாயிற்று, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் மாற்றியாயிற்று, வேறொரு கராஜில் ரியூன் பண்ணியும் ஆயிற்று. ஆனாலும் வட்டுவாகல் பாலத்தில் லான்ட்மாஸ்ரருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பின்னால் ஊரும்போது திக்கித் திக்கி நின்றுவிடுகிறதாம். பொழுதுபட்ட பிறகு ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் நின்றுவிட்டால் யானைக்குப் பயந்து தள்ளிக்கொண்டு ஓடவேண்டும் என்பது அவருடைய கவலை.

வேகமாக ஓடினால் நல்லது, மெல்ல ஓடினால் கெட்டது. அவர் வாயால் வந்த இந்த ஒரு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஐம்பதில் சுத்தமாக இழுக்கிற எஞ்சினுக்கு ராங்கியிலிருந்து பெற்றோல் ஒழுங்காக வருகிறது, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் வேக ஓட்டத்துக்குப் பெற்றோல் விடும் துளை, அதாவது மெயின் ஜெற், திறந்திருக்கிறது, கொயிலும் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். அந்தக் கொஞ்ச இடத்தை எந்த ஒழுங்கில் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், சாமான் மாற்றும் வேலைகள் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், அந்த ஐயா செய்தது போல.

திருப்புளியை எடுக்க முதல் ஓடிப் பாருங்கள்

எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஐந்தாறு கிலோமீற்றர் ஓடுங்கள். பிறகு சமமான, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு றோட்டில் மூன்றாம் கியரில் இருபத்தைந்தில் பிடித்து, அக்சிலேற்றரை அசையாமல் வைத்திருங்கள். திக்குகிறதா? இப்போது மெல்லத் திறவுங்கள். திறந்த உடனே ஒரு முக்கு முக்கிவிட்டு எழும்புகிறதா, அல்லது எழும்பவே மறுக்கிறதா? அடுத்து அக்சிலேற்றரை முழுவதும் விட்டுவிட்டு ஓடவிடுங்கள். சைலன்சரில் பொக் பொக்கென்று வெடிக்கிறதா? கடைசியாக நிறுத்தி நியூற்றலில் ஒருதரம் முறுக்கி விடுங்கள். எஞ்சின் சத்தம் உடனே இறங்குகிறதா, இல்லை மேலேயே கொஞ்ச நேரம் தொங்கி நின்றுவிட்டு இறங்குகிறதா?

இந்த நாலையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம், ஒன்றைத் திருத்திவிட்டுத் திரும்ப ஓடும்போது மனது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும்.

இன்னொரு சோதனை இருக்கிறது. என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியிலும் பெறுமதியானது இதுதான், சதம் செலவில்லை. எஞ்சின் சூடாக, மெல்ல ஓடித் திக்கிக்கொண்டிருக்கும்போதே சோக்கைக் கால்வாசி இழுங்கள். சோக் இழுத்தால் கலவையில் பெற்றோலின் பங்கு கூடும். இழுத்ததும் ஓட்டம் சீராகிறதென்றால் எஞ்சின் பெற்றோல் போதாமல் தவிக்கிறது, அல்லது வேண்டாத காற்று எங்கோ களவாக உள்ளே போகிறது. இழுத்ததும் இன்னும் மோசமாகி நிற்கப் பார்க்கிறதென்றால் ஏற்கெனவே பெற்றோல் கூடிப்போய்க் கிடக்கிறது. இரண்டும் இல்லாமல் ஒரேமாதிரி வெட்டினால் பிளக், வயர் பக்கம் சந்தேகப்படலாம்.

வெடிச்சத்தமும் தொங்கி இறங்கும் எஞ்சினும் பெற்றோல் குறைவின் அடையாளம். கறுத்த புகை, பெற்றோல் மணம், சூடேற ஏற மோசமாவது எல்லாம் பெற்றோல் கூடியதன் அடையாளம்.

ஐயாவின் சைக்கிளில் சோக்கை இழுத்தேன். சீராகியது. அப்படியென்றால் பெற்றோல் போதவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு. அது பெற்றோல் கூடியதற்கான சாட்சி. இரண்டு சாட்சியும் ஒன்றுக்கொன்று மாறாகச் சொன்னால் இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எஞ்சினில் பிழையில்லாத திக்கல்

ஒரு மூடை நெல்லைப் பின்னால் ஏற்றி, நாலாம் கியரில் இருபதில் போனால் எந்த 100 சிசி எஞ்சினும் உதறத்தான் செய்யும். ஒரு கியர் இறக்கிப் பாருங்கள். உதறல் நின்றால் வருத்தம் சைக்கிளுக்கு இல்லை.

செயின் தளர்ந்து, ஸ்புறொக்கற் பல் தேய்ந்து, பின் சில்லுக்குள் இருக்கும் ஹப் றப்பர் நொறுங்கியிருந்தால் மெல்ல ஓடும்போது குத்திக் குத்தி இழுக்கும், சரியாக எஞ்சின் திக்குவது போலவே. செயினைக் கீழ்ப்பக்கத்தின் நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் இறுக்குங்கள். சில்லைச் சுற்றிக்கொண்டே ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் நாலைந்து இடத்தில் பாருங்கள், பழைய செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் இருக்கும். மாரியில் பின் பிரேக் டிரம்முக்குள் சேறு போய் இறுக்கிப் பிடிக்கிறதா என்று நடுத்தண்டில் விட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். அவ்வளவுதான் இதில்.

பெற்றோல்

மூடியிலிருந்து தொடங்குங்கள். ராங்கி மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. கிரவல் றோட்டுத் தூசியும் கழுவின தண்ணீரும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்தால் பெற்றோல் இறங்க இறங்க ராங்கிக்குள் வெற்றிடமாகி, ஓட்டம் குறைந்து, பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் ஸ் என்ற சத்தம் வந்து, திரும்ப ஸ்ரார்ட் பண்ணினால் ஓடும். இந்த அறிகுறி இருந்தால் மூடியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு எதிரி குளவி. காபரேற்றரிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய றப்பர்க் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று பெற்றோல் கோப்பைக்குள் காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவது. இரண்டு கிழமை கொட்டிலுக்குள் நின்ற சைக்கிளின் அந்தக் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டி அடைத்ததை நான் என் கையாலேயே குத்தி எடுத்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு நிமிச வேலை.

பிறகு காபரேற்றர் கோப்பையின் அடியிலுள்ள வடிகால் ஸ்குறூவைத் திறந்து, வருவதை நிறமில்லாத வெற்றுத் தண்ணீர்ப் போத்தலில் பிடியுங்கள். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், பக்கத்தில் அடுப்போ சிகரெற்றோ இருக்கக்கூடாது. ஐந்து நிமிடம் போத்தலை அசையாமல் வையுங்கள். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரம், ஆகவே அடியில் முட்டை முட்டையாகத் தனியாக உருண்டு நிற்கும். காலபோக மழைக்காலத்தில் இது சாதாரணம். பெற்றோல் செற்றுக்குத் தூரமென்று பெட்டிக்கடையில் போத்தல் பெற்றோல் வாங்கி ஊற்றுகிறவர்களுக்கு இன்னும் சாதாரணம். அடியில் செம்மண் நிறத் துகள் தெரிந்தால் ராங்கிக்குள் கறள் பிடித்திருக்கிறது, ராப் வடியைக் கழற்றிக் கழுவவேண்டும்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்ததென்று சந்தேகமா? வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். நல்ல பெற்றோல் அடையாளம் இல்லாமல் ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்ப் பொட்டு மிஞ்சும்.

மண்ணெண்ணெய் என்றதும் வன்னியில் நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு சிரிப்பு வரும். 1990களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கைகள் அவை. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. எஞ்சின் சூடு குறைந்தாலோ வேகம் குறைந்தாலோ உடனே திக்கும். அதனால் அந்தத் தலைமுறை ஓட்டத்தைக் குறையவிடாமல், பாதிக் கிளச்சில் முறுக்கிக்கொண்டே ஓடப் பழகிவிட்டது. 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபிறகும் சிலருக்குக் கைப்பழக்கம் போகவில்லை. இப்படி ஓடுகிறவர்களின் சைக்கிளில் மெல்லோட்டப் பிழை இருந்தாலும் அவர்களுக்கே தெரியாது. மகன் எடுத்து ஓடும்போதுதான் தெரியவரும், பழியும் மகனுக்குத்தான்.

2022இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கொடுத்த காலத்தில் வேறொரு பாடம் படித்தோம். கிடைத்ததைப் போத்தலில் பதுக்கி, சைக்கிளை ஓடாமல் நிறுத்தி வைத்தார்கள். பெற்றோல் மாதக்கணக்கில் நின்றால் பிசின்போல ஒரு படிவு விடும். அந்தப் பிசின் முதலில் அடைப்பது எதை? கோப்பைக்குள் இருப்பதிலேயே சின்னத் துளையை, அதாவது மெல்லோட்டத்துக்குப் பெற்றோல் கொடுக்கும் ஸ்லோ ஜெற்றை.

"95 அடிச்சாச் சரிவருமோ?" என்றும் கேட்பார்கள். வராது. ஒக்ரேன் எண் என்பது எஞ்சினுக்குள் நேரத்துக்கு முதல் தானாக வெடிக்காமல் தாங்கும் குணம். 92க்குச் செய்த எஞ்சினில் 95 ஊற்றித் திக்கல் மாறினதை நான் காணவில்லை.

காற்று

கச்சான் காற்றுக் காலத்தில் கிரவல் றோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒருதரம் போய்ப் பாருங்கள், எயார் பில்ரரின் நிலைமை விளங்கும். பில்ரர் அடைத்தால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடும், பிளக் கறுக்கும். ஸ்பொஞ்ச் பில்ரரென்றால் மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, எஞ்சின் ஒயில் சில சொட்டு விட்டுப் பிழிந்து போடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், கிழியும். கடதாசிப் பில்ரரைக் கழுவக்கூடாது, தட்டி, உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதிப் போடலாம். கறுத்துவிட்டால் மாற்றுங்கள்.

சிலர் பில்ரரைக் கழற்றி எறிந்துவிட்டு "இப்ப நல்லா இழுக்குது" என்பார்கள். எங்கள் செம்மண் தூசி பிஸ்ரனுக்கும் போருக்கும் இடையில் அரத்தாள் மாதிரி வேலை செய்யும். இழுவை ஆறு மாதத்துக்குத்தான்.

இனி, மெல்லோட்டத் திக்கலில் ஆட்கள் அதிகம் தவறவிடும் இடம். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் மனிபோல்ட், சில வண்டிகளில் தனி றப்பராகவும் சிலவற்றில் அலுமினியத்தில் றப்பர் ஒட்டியும் வரும். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் காய்ந்து வெடிக்கும். வெடிப்பால் காற்று உள்ளே போகும். அக்சிலேற்றர் கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது எஞ்சின் பலமாக உறிஞ்சுகிறது, ஆனால் காபரேற்றர் வழியாகக் கொஞ்சக் காற்றுத்தான் போகிறது. அந்த நேரத்தில் ஒரு நூல் வெடிப்பால் போகும் காற்றே பெரிய பங்காகிக் கலவையைக் கெடுத்துவிடும். அக்சிலேற்றரை அகலத் திறந்தால் உறிஞ்சல் குறையும், உள்ளே போகும் மொத்தக் காற்றில் வெடிப்புக் காற்று கணக்கிலேயே வராது. ஐம்பதில் தங்கக் கம்பியாகவும் இருபதில் விசராகவும் இருப்பதன் இரகசியம் பல தடவை இதுதான்.

கண்டுபிடிக்க, எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, மனிபோல்டைச் சுற்றி, கிளிப் பூட்டும் இடத்தில், எஞ்சினோடு சேரும் அடியில், சின்ன ஸ்பிறே போத்தலால் தண்ணீரைத் துளித்துளியாக அடியுங்கள். வெடிப்பில் தண்ணீர் பட்டதும் ஒரு கணம் அடைபட்டு எஞ்சின் சத்தம் மாறும். காபரேற்றர் கிளீனர் அடித்தும் பார்ப்பார்கள், அது இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் சூடான சைலன்சர் பக்கத்தில் தீப்பற்றும் சரக்கை அடிக்க நான் சொல்லமாட்டேன். தண்ணீர் போதும். பிளக் மூடியில் மட்டும் படாமல் பாருங்கள்.

ஐயாவின் சைக்கிளில் தண்ணீர் அடித்தேன். மேல் பக்கம் ஒன்றுமில்லை. கிளிப்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் அடித்ததும் எஞ்சின் ஒருதரம் மூச்சு வாங்கியது. கழற்றி விரலால் வளைத்தால் நகம் போகிற அளவு வெடிப்பு, கிளிப் மறைத்துக்கொண்டிருந்தது.

பிளக்கும் அதன் மூடியும்

பிளக் கழற்றி முகம் பாருங்கள். வெளிர் மண்ணிறமென்றால் நல்லது, உலர்ந்த கரியென்றால் பெற்றோல் கூட, எண்ணெய்ப் பசையோடு கறுப்பென்றால் எஞ்சின் ஒயில் உள்ளே வருகிறது, சுண்ணாம்பு வெள்ளையென்றால் பெற்றோல் குறைவு. இடைவெளி அநேகமான சிறிய வண்டிகளுக்கு 0.6 இலிருந்து 0.8 மி.மீ. வரைக்குள் வரும், உங்கள் வண்டியின் புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். அளவுத் தகடு இல்லாவிட்டால் ஏ.ரி.எம். அட்டை 0.76 மி.மீ. தடிப்பு, மேலோட்டமாகப் பார்க்க உதவும்.

புதுப் பிளக் போட்டும் மாறாவிட்டால் பிளக் மூடியைச் சந்தேகியுங்கள். அதற்குள் ஒரு தடை இருக்கிறது, பெரும்பாலும் 5 கிலோ ஓம். மல்ரிமீற்றரில் பார்த்தால் தெரியும், பழுதானதில் அளவு தாறுமாறாக ஏறியிருக்கும். மூடியை வயரிலிருந்து திருகிக் கழற்றி, வயர் நுனியில் அரைச் சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகினால் பச்சை பூத்த செம்பு போய்ப் புதுச் செம்பு தொடும். மழை நாளில் மட்டும் திக்கினால் இரவில் எஞ்சினை ஓடவிட்டு விளக்கை அணைத்துப் பாருங்கள், ஒழுகும் மின்சாரம் நீலப் பூச்சி மாதிரி வயரில் ஓடும்.

பல்சர், டிஸ்கவர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இவற்றில் பல மொடல்களில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் மற்றதில் ஓடும், ஆனால் மெல்லோட்டம் மந்தமாகும். ஒவ்வொரு மூடியாகக் கழற்றி, வேறு பிளக் ஒன்றைச் செருகி உலோகத்தில் தொடவைத்து, ஓட்டத்தைக் கவனியுங்கள். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அந்தப் பக்கம் ஏற்கெனவே செத்துப்போய்க் கிடக்கிறது.

காபரேற்றரைத் திறப்பது

இதுவரை ஒன்றும் பிடிபடாவிட்டால் மட்டும் இங்கே வாருங்கள். சாமான்: நல்ல பொருத்தமான திருப்புளி, மெல்லிய குறடு, காபரேற்றர் கிளீனர் அல்லது சுத்தமான பெற்றோல், சைக்கிள் பம், ஸ்குறூக்களைப் போட ஒரு சிரட்டை. சிரட்டையைப் பரிகசிக்க வேண்டாம், மணலில் விழுந்த ஜெற்றைத் தேடி அரை நாள் போக்கினவன் நான்.

பெற்றோல் ராப்பைப் பூட்டி, குழாயைக் கழற்றி, கோப்பையை வடித்துக் கழற்றுங்கள். உள்ளே இரண்டு பித்தளை ஜெற். பெரியது மெயின், பக்கத்தில் குழிக்குள் ஒளிந்திருப்பது ஸ்லோ. திருப்புளி நுனி வெட்டுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் பித்தளை சிதைந்துவிடும், அங்கேயே நிறுத்தி வேறு திருப்புளி தேடுங்கள். ஸ்லோ ஜெற்றைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். துளை அரை மில்லிமீற்றர்கூட இல்லை. வட்டமாக, சுத்தமாக வெளிச்சம் தெரியவேண்டும். பிறைபோலத் தெரிந்தாலே அடைப்பு.

குத்துவதற்கு ஊசியோ கம்பியோ வேண்டாம். பித்தளை மென்மையானது, உருக்குப் பட்டால் துளை பெருத்துவிடும், பிறகு வாழ்நாள் முழுக்கப் பெற்றோல் குடிக்கும். முல்லைத்தீவுக் கரையில் வாங்கக்கூடிய மெல்லிய தங்கூசிதான் (மீன்பிடிக்கும் நைலோன் நரம்பு) என்னுடைய ஆயுதம். 0.30 மி.மீ. தங்கூசியைச் சரிவாக வெட்டி, கிளீனரில் அரை மணி ஊறின ஜெற்றுக்குள் விட்டு மெல்ல இழுத்தால் பிசின் கழன்று வரும். துளை அதைவிடச் சின்னமானால் வயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை உதவும். ஜெற்றின் பக்கங்களில் உள்ள குறுக்குத் துளைகளையும் மறக்கவேண்டாம். ஜெற் மட்டும் சுத்தமாகிப் பயனில்லை. அது உட்காரும் துவாரத்தில் கிளீனர் அடித்தால் காபரேற்றரின் தொண்டைக்குள் திறொட்டில் ஓரத்தில் உள்ள நுண்துளையால் பீச்சவேண்டும். பீச்சாவிட்டால் பம்மால் ஊதி, ஊறவிட்டு, திரும்ப அடியுங்கள்.

கையோடு மிதவையையும் பாருங்கள். குலுக்கினால் உள்ளே பெற்றோல் கலகலத்தால் அது ஓட்டை. மிதவை ஊசியின் நுனியில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கோப்பை நிரம்பி வழியும். சோக் கம்பி முழுவதும் உள்ளே திரும்பி உட்காருகிறதா? பாதியில் இறுகிய சோக் மெல்லோட்டத்தை மட்டும் கெடுக்கும், ஆட்கள் மற்றதெல்லாம் மாற்றுவார்கள். மெல்லிய றப்பர் டயபிராம் உள்ள காபரேற்றரென்றால் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து ஊசித் துளை பாருங்கள், அதில் கிளீனர் மட்டும் அடித்துவிடாதீர்கள், றப்பர் ஊதிவிடும்.

ரியூனிங் ஸ்குறூ, கடைசியில்

கலவை ஸ்குறூவைத் தொடமுதல் ஒரு வேலை. மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். இறுக்க வேண்டாம், ஊசிமுனை நசிந்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் இருக்கும்.

ஸ்குறூ எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் ஸ்குறூ, திறந்தால் பெற்றோல் கூடும். பில்ரர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குறூ, திறந்தால் காற்றுக் கூடிப் பெற்றோல் குறையும். இது தெரியாமல் "வெளிய விட்டாக் கூடும்" என்று எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஐட்லிங் ஸ்குறூவால் ஓட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கலவை ஸ்குறூவை அரைக்கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தரமும் நாலைந்து விநாடி பொறுத்து, ஓட்டம் ஆக உயர்ந்து சீராக இருக்கும் இடத்தில் விடுங்கள். பிறகு ஐட்லிங்கை நிமிடத்துக்கு 1300, 1500 சுற்று அளவுக்கு இறக்குங்கள். அக்சிலேற்றரைச் சட்டென்று திறந்து பாருங்கள். இன்னும் முக்கினால் பெற்றோல் கூடும் பக்கமாகக் கால் சுற்று. முழுதும் உள்ளே போனாலோ மூன்றரைக்கு மேலே வந்தாலோதான் நல்லாக ஓடுகிறதென்றால் பிழை வேறெங்கோ இருக்கிறது, ஸ்குறூ அதை மூடி மறைக்கிறது.

ஐயாவின் சைக்கிளில் எண்ணினேன். எஞ்சின் பக்க ஸ்குறூ, நாலரைச் சுற்று. மனிபோல்ட் வெடிப்பால் போன காற்றுக்கு ஈடாக யாரோ பெற்றோலைக் கூட்டிவிட்டிருக்கிறார்கள். ஐட்லிங்கில் பெற்றோல் கூடிப் பிளக் கறுத்தது, அக்சிலேற்றரைத் தொட்டதும் காற்றுக் கூடித் திக்கியது. மாறான இரண்டு சாட்சிக்கும் விடை அதுதான்.

வால்வும் மற்றவையும்

எல்லாம் பார்த்தும் சூடேறினால் மட்டும் ஐட்லிங் விழுந்து திக்குகிறதென்றால் வால்வ் இடைவெளி. வால்வ் இறுகிப்போனால் முழுவதும் மூடாது, அமுக்கம் கசியும். எஞ்சின் மெல்லச் சுற்றும்போது கசிய நேரம் அதிகம், வேகமாகச் சுற்றும்போது நேரமில்லை. அதனால் இதுவும் மெல்லோட்டத்தையே தாக்கும். சத்தம் போடும் வால்வுக்குப் பயப்படும் அளவுக்குச் சத்தமே போடாத வால்வுக்கும் பயப்படவேண்டும். எஞ்சின் முழுதும் ஆறினபிறகு, காலையில் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, மக்னெற் பக்க ஜன்னலில் ரி அடையாளத்தை (பிஸ்ரன் உச்சியில் நிற்பதைக் காட்டுவது) நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, வால்வுகளை அமுக்கும் இரண்டு ராப்பெற்றும் கையால் ஆடுகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. சிறிய வண்டிகளுக்கு 0.05 இலிருந்து 0.10 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும், புத்தகத்தில் உள்ளதையே வையுங்கள். பீலர் தகடு மெல்லிய இறுக்கத்தோடு இழுபடவேண்டும்.

ஹாண்டிலை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் வெட்டினால் கழுத்தடி வயர். நெல் மூடைகளுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் சீற்றைக் கழற்றி எலி கடித்திருக்கிறதா பாருங்கள், நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் மேலே சொன்ன ஜெற்றும் ஸ்குறூவும் இல்லை. மூடி, பில்ரர், மனிபோல்ட், பிளக், பற்றறி முனைகள் வரை பார்த்துவிட்டு, எஞ்சின் விளக்கு எத்தனை தரம் மின்னுகிறதென்று எண்ணிக்கொண்டு தெரிந்தவரிடம் போங்கள். 2020இல் இறக்குமதி நின்று 2025 வரை புது வண்டி குறைவாகவே வந்ததால் எங்கள் றோட்டுகளில் இன்னும் காபரேற்றர்க் காலம்தான் ஓடுகிறது.

ஐயாவுக்குப் புது மனிபோல்டைப் பூட்டி, ஸ்குறூவை முட்டவிட்டு இரண்டு சுற்றுக்குக் கொண்டுவந்து, பிளக்கைத் துலக்கிப் போட்டுக் கொடுத்தேன். கொயில் அவர் மாற்றின புதுக் கொயில், தேவையே இல்லாதது, இருந்தாலும் இருக்கட்டும். முற்றத்து வேப்பமரத்தை இரண்டாம் கியரில், நடக்கிற வேகத்தில், கால் ஊன்றாமல் மூன்று தரம் சுற்றினார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

நாலு நாள் கழித்துத் திரும்ப வந்து நின்றார். பின்னால் ஒரு மூடை.

"என்னையா, திரும்பவும் திக்குதோ?"

"அது இல்லைத் தம்பி. இப்ப மெல்லமா ஓடுறதால, பின் பிரேக் கத்துறது காதில விழுது. அதையும் ஒருக்காப் பாரும்."